பள்ளி ஆலோசகர் நிர்வாகத்தை எதிர்த்துப் பேசலாமா? அதுவும் நம் வேலைதானா?

பள்ளி_ஆலோசகி_திருச்சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் முடித்து, கவுன்சலிங்கில் ஒரு வருட டிப்ளமாவும் படித்துவிட்டு, மூன்று வருடமாக ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். ஹாஸ்டலும் சேர்த்து சுமார் 2,400 பிள்ளைகள். ஆலோசகர் நான் ஒருத்திதான்.

எனக்குக் கொடுத்திருக்கும் அறை ஃபீஸ் கவுண்டருக்கு அடுத்த அறை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கதவைச் சாத்தக்கூடாது என்று வாய்மொழி உத்தரவு, காரணம் கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். வரிசையில் நிற்கும் பெற்றோர்கள் உள்ளே எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் நிற்பார்கள். அவர்களில் பாதிப்பேர் நம் போர்டைப் பார்த்துவிட்டு எட்டிப்பார்த்து, "மேடம், இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு கட் ஆஃப் எவ்வளவு வேணும்?" என்று கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். வாரத்துக்கு ஏழெட்டு சப்ஸ்டிட்யூஷன் பீரியட் வேறு, பரீட்சை நேரத்தில் ஹால் டியூட்டி.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். இருபது நிமிடம் வாயே திறக்கவில்லை, ரிப்பன் நுனியை விரலில் சுற்றி இறுக்குவாள், விரல் வெளுத்துப்போகும், விடுவாள், மறுபடி சுற்றுவாள். அப்புறம் மெதுவாக, அப்பா வீட்டைவிட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது என்று சொன்னாள், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றாள். அன்று மாலையே வைஸ் பிரின்சிபால் கூப்பிட்டு "அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டார். படிப்பில் கவனம் சிதறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் என் நோட்டு மேசை டிராயரில் இருந்தது, அந்த டிராயருக்குப் பூட்டு கிடையாது. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அவள் அப்பாவைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அடுத்த நாள் வராந்தாவில் எதிரே வந்தவள் என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

படிக்கும்போது "ஆலோசகர் தலைமை ஏற்க வேண்டும், சேவை பெறுபவருக்காகக் குரல் கொடுக்க வேண்டும்" என்று ஒரு பாடமே இருந்தது, பரீட்சைக்குப் படித்து எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். ஆனால் கரஸ்பாண்டன்ட் முன்னால் போய் நின்று எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. என் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. பேசினால் வேலை போகும், பேசாவிட்டால் அந்த அறையில் நான் உட்கார்ந்திருப்பதே பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மதுரை_அக்கா எழுதியது:

தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியிலும் கல்லூரியிலுமாகப் பதினெட்டு வருடம் இந்த வேலைதான் பார்க்கிறேன். நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில்: ஆமாம், அதுவும் நம் வேலைதான். கூடுதல் வேலை இல்லை, முதல் வேலையே அதுதான். கதவு சாத்த முடியாத அறையில் ஆலோசனை நடக்காது, விசாரணைதான் நடக்கும். அந்தக் கதவுக்காகப் பேசுவது அரசியல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டியது சண்டை இல்லை, இரண்டு பக்கத் தாள். ரகசியம் காப்பது பற்றிய பள்ளியின் நடைமுறை என்று தலைப்புப் போட்டு எழுதுங்கள். பிள்ளை சொல்வது யாருக்கும் போகாது, எந்தெந்த நேரத்தில் மட்டும் போகும், யாருக்குப் போகும், நோட்டு எங்கே இருக்கும், சாவி யாரிடம் இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியாக வேண்டும். பாலியல் வன்முறை என்றால் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் கொடுத்தே ஆகவேண்டும், மறைத்தால் 21ஆம் பிரிவில் நமக்கு ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், முடியவில்லை. அதே நேரம் நிர்வாகத்திடம் பேசும்போது இது உங்களுக்கு உதவும். "நான் எல்லாவற்றையும் மூடி மறைக்கவில்லை சார், எதைச் சொல்ல வேண்டும் எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு வரம்பு வேண்டும், அது பள்ளியையும் காப்பாற்றும்" என்று ஆரம்பித்தால் காது கொடுப்பார்கள்.

உங்கள் கையில் இன்னொன்றும் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பெண் இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று நாடு முழுக்கப் பொருந்தும் வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 100 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனம் எதுவானாலும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும், ஆசிரியர் முதல் அலுவலகப் பணியாளர் வரை எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி கொடுக்க வேண்டும், டெலிமானஸ் மாதிரி மனநல உதவி எண்களை ஹாஸ்டலிலும் வகுப்பிலும் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். மார்க்கை வைத்து செக்‌ஷன் பிரிப்பதைக்கூட முடிந்தவரை தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. சட்டம் ஒன்று வரும்வரை இது கட்டுப்படுத்தும். பயிற்சி நடத்த நீங்களே முன்வாருங்கள். ஸ்டாஃப் ரூமில் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் அதில் உட்கார வேண்டியிருக்கும். வருடத்துக்கு இரண்டு நாள் நீங்கள் மேடையில் நின்று பேசுகிறீர்கள், தலைமை என்று பாடத்தில் படித்தது அதுதான்.

உதவி எண் ஒட்டும்போது ஒரு சின்ன விஷயம். 14416 டெலிமானஸ், 14417 பள்ளிக் கல்வித்துறை. ஒரு இலக்கம்தான் வித்தியாசம், இரண்டையும் மாற்றி அச்சடித்த போஸ்டரை நானே கிழித்திருக்கிறேன்.

---

முன்னாள்_ஆலோசகர்_கோவை எழுதியது:

அக்கா சொல்வது எல்லாம் சரி, ஆனால் நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஒரு கல்லூரியில் ஒப்பந்த அடிப்படையில் ஆலோசகராக இருந்தேன். ஹாஸ்டலில் ஒரு வருடத்துக்குள் இரண்டு பையன்கள் தற்கொலைக்கு முயன்றார்கள். இரண்டு பேரும் அதற்கு முன்னால் என்னிடம் வந்தவர்கள்தான். அட்டெண்டன்ஸ் குறைந்தால் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துப் பெற்றோருக்கு ஸ்பீக்கரில் போன் போடுவார்கள், இரண்டு பேருமே அதைத்தான் சொன்னார்கள். நிறுத்துங்கள் என்று நிர்வாகத்துக்கு மெயில் போட்டேன். யாரிடமும் கலக்கவில்லை, இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து, மனசு கொதித்துப்போய், நீண்ட மெயில். சட்டப் பிரிவுகள் எல்லாம் போட்டிருந்தேன். பதில் வரவில்லை. மே மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவ்வளவுதான். ஜூன் மாதம் அந்த அறையை ஸ்டோர் ரூம் ஆக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், பையன்களுக்கு இருந்த ஒரு ஆளும் இல்லாமல் போனது.

அதனால் என் கருத்து, நீதிமன்ற உத்தரவை முதல் நாளே மேசையில் வைக்காதீர்கள். வழக்குப் போட வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். தனியாகவும் போகாதீர்கள். நான் எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, ஆனால் எனக்குப் பின்னால் ஒரு ஆள் இல்லை. மருத்துவருக்குக் கவுன்சில் இருக்கிறது, வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருக்கிறது, நமக்கு யார் இருக்கிறார்கள்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு உண்டு. நம்மை மாதிரி ஆலோசகர்களை 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, பிரச்சினை என்றால் போய் நிற்க ஒரு இடம் இருப்பது வேறு.

---

மதுரை_அக்கா எழுதியது:

தம்பி, கோபமே இல்லை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தனியாகப் போகாதே என்பதை ஒத்துக்கொள்கிறேன், நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் உத்தரவைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் வாயால் சொல்கிறோம் என்பதுதான் விஷயம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஒரு அம்மாவோ அப்பாவோ எழுந்து "நம்ம ஸ்கூல்ல இதெல்லாம் இருக்கா?" என்று கேட்டால் கரஸ்பாண்டன்ட் மறுநாளே நம்மைக் கூப்பிடுவார்.

மேலிடத்தில் பேசி எதுவும் மாறாது என்று மட்டும் நினைக்காதீர்கள். சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பை 1986இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் மனநல மருத்துவர், ஆனால் அவர் செய்தது நம் எல்லோருக்கும் பாடம். பரீட்சை ரிசல்ட் வரும் நேரத்தில் பிள்ளைகள் சாகிறார்கள் என்று பார்த்தவர், தைரியம் சொல்வதோடு நிறுத்தவில்லை. ஒரு பாடத்தில் தோற்றால் ஒரு வருடமே போய்விடுகிறது, அந்த ஏற்பாட்டை மாற்றுங்கள் என்று அரசிடம் வலியுறுத்தினார். இன்றைக்குத் துணைத்தேர்வு எழுதி அதே வருடம் கல்லூரி சேரும் பிள்ளைக்கு இந்தக் கதை தெரியாது. ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்துப் பேசினால் எத்தனை பேரிடம் பேசியிருக்க முடியும்?

இன்னொன்றும் உண்டு. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்ட வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கு முழுசாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு வந்த ஜூன் 7 உத்தரவில், பாலின ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பதற்குத் தடை வந்தது. நம் துறையைச் சேர்ந்த ஒருவர் ஒரு அறையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கியதற்கு அதில் பங்கு இருக்கிறது. நாம் தினமும் செய்யும் அதே வேலைதானே அது, எதிரே உட்கார்ந்திருந்தவர் மட்டும் நீதிபதி.

---

நம்பிக்கை_மையம்_2009 எழுதியது:

நான் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தேன். எங்களுக்கும் ஒப்பந்தம்தான், வருடா வருடம் நீட்டிப்பு. அதனால் உங்கள் பயம் எனக்குத் தெரியும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வார்டில், கட்டில் கால்மாட்டில் தொங்கும் கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் எச்.ஐ.வி. இருப்பதைச் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதி வட்டம் போட்டிருப்பார்கள். பார்க்க வரும் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும். ஒருவர் என்னிடம் வந்து, "என் மச்சான் பார்த்துட்டான் மேடம், இனி ஊருக்குள்ள போக முடியாது" என்றார். அவருக்கு நான் என்ன ஆலோசனை சொல்வது? மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றா?

நான் போய் நர்ஸிடம் சண்டை போடவில்லை. நாள், வார்டு, படுக்கை எண், எத்தனை ஷீட்டில் சிவப்பு வட்டம், இவ்வளவுதான், பெயர் கிடையாது, ஒரு மாதம் குறித்துவைத்தேன். அதை எடுத்துக்கொண்டு நானும் லேப் டெக்னீஷியனும் மூத்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரும் சேர்ந்து ஆர்.எம்.ஓ.வை, அதாவது மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்தோம். அந்த நர்ஸ் வந்ததுதான் முக்கியம், ஆலோசகர் மட்டும் போயிருந்தால் "உங்க வேலையைப் பாருங்க" என்றிருப்பார். அவர் வாங்கிப் படித்தார், மேட்ரனைக் கூப்பிட்டார், வட்டம் நின்றது. எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக்கூடாது என்பதற்கு 2017இல் தனிச் சட்டமே வந்துவிட்டது, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்தது. நாங்கள் போனபோது அது இல்லை. எண்ணிக்கை மட்டும்தான் கையில் இருந்தது.

நீங்களும் எண்ணுங்கள். இந்த மாதம் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், கண்ணாடிக்கு வெளியே ஆள் நிற்பதால் எத்தனை பேர் வாசலோடு திரும்பிப் போனார்கள், சப்ஸ்டிட்யூஷனால் எத்தனை சந்திப்பு ரத்தானது. பெயர் வேண்டாம். மூன்று எண்.

---

யாழ்_உளவளத்துணை எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். பெற்றோர் கட் ஆஃப் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல விருப்பம். எங்கள் பக்கம் இந்த வேலைக்கு உளவளத்துணை என்று பெயர், செய்பவர் உளவளத்துணையாளர். உள்ளத்துக்கு இருக்கிற வளத்துக்குத் துணை நிற்பது, ஆலோசனை சொல்வது இல்லை. அந்தச் சொல் இருப்பதால் சனங்களுக்கு விளங்கப்படுத்துவது கொஞ்சம் இலகு. யுத்த காலத்தில் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களையும் கிராம மட்டத்தில் வேலை செய்பவர்களையும் பயிற்றுவித்துத்தான் இந்த வேலையை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், ஏனென்றால் மனநல வைத்தியர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த நிறுவனங்கள் சில நாள் பயிற்சி கொடுத்து ஆட்களை அனுப்பின, அழுகிறவரிடம் போய் என்ன நடந்தது சொல்லுங்கோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சனம் களைத்துப் போனது. யார் இந்த வேலையைச் செய்யலாம் என்று நாங்கள் சொல்லாமல் இருந்தால் வேறு யாரோ சொல்லிவிடுவார்கள்.

உங்கள் அறை வாசலில் போர்டை மாற்றுங்கோ. என்ன நடக்கும், என்ன நடக்காது என்று இரண்டு வரி தமிழில் எழுதி வையுங்கோ.

---

டெக்சஸ்_தமிழன் எழுதியது:

கோவை நண்பர் "நமக்கு யார் இருக்கிறார்கள்" என்று கேட்டதற்காக எழுதுகிறேன். நான் இங்கே அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் உரிமம் பெற்ற ஆலோசகர். படிப்புக்குப் பிறகு மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை செய்தால்தான் இங்கு உரிமம். கேட்க ஏதோ ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் இருந்தது மாதிரி இருக்கும். இல்லை. ஆலோசகருக்கு உரிமச் சட்டம் முதலில் வந்தது வர்ஜீனியாவில், 1976. கடைசியாக வந்தது கலிஃபோர்னியாவில், 2009. நடுவில் 33 வருடம், ஒவ்வொரு மாநிலமாக, ஆலோசகர்களே சங்கம் வைத்துச் சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு நடையாய் நடந்து வாங்கியது.

அதற்குப் பிறகும் மெடிகேரில், அதாவது முக்கியமாக 65 வயதானவர்களுக்கு அரசு கொடுக்கும் காப்பீட்டில், நம்மைச் சேர்க்கவில்லை. ஐந்து வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு 65 வயது ஆகி மெடிகேருக்கு மாறினார். அந்த மாதத்திலிருந்து என் கட்டணத்தைக் காப்பீடு கொடுக்காது, கையிலிருந்து கொடுக்க அவரால் முடியாது. மனைவி இறந்த வருடம் அது. வேறு ஆளிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தே அவர் நிறுத்திவிட்டார். இந்த ஒரு கதையைப் பெயர் சொல்லாமல், அடையாளம் மாற்றி, எங்கள் தொகுதி உறுப்பினரின் உதவியாளரிடம் சொன்னேன், எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் அவரவர் ஊரில் சொன்னார்கள். 2024 ஜனவரி 1 முதல் மெடிகேர் எங்களுக்கும் கொடுக்கிறது.

பத்து நிமிடத்தில் ஒரு ஆளின் கதை, ஒரே ஒரு கோரிக்கை. இரண்டாவது கோரிக்கையைச் சேர்த்தால் முதலாவதும் போய்விடும். கரஸ்பாண்டன்ட் விஷயத்திலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அறை, சப்ஸ்டிட்யூஷன், ஹால் டியூட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள்.

---

பள்ளி_ஆலோசகி_திருச்சி எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி, அக்காவுக்கும் கோவை அண்ணனுக்கும் தனியாக நன்றி, இரண்டு பேரும் சண்டை போட்டதில்தான் எனக்கு வழி தெரிந்தது.

முதலில் என் காசில் பூட்டு வாங்கி டிராயரில் மாட்டினேன், முந்நூற்று சொச்சம் ரூபாய். அப்புறம் ஒரு மாதம் எண்ணினேன். 61 சந்திப்பு, 19 ரத்து, வாசல்வரை வந்து திரும்பியவர்கள் என் கண்ணில் பட்டவரை 14. பக்கத்துப் பள்ளிகளில் இருக்கும் ஆலோசகர்கள் நான்கு பேரைக் கண்டுபிடித்தேன், எல்லோருக்கும் இதே கதை, ஒருவருக்கு அறையே இல்லை, நூலக மூலையில் ஒரு மேசை. ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத் தாளை எழுதினோம். அதனால் பிரின்சிபாலிடம் கொடுக்கும்போது "நான் கேட்கிறேன்" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, "நாலைந்து பள்ளிகளில் இதைக் கொண்டுவருகிறோம், நம் பள்ளி முதலாவதாக இருந்தால் நன்றாக இருக்கும் மேடம்" என்று சொன்னேன். கதவு மட்டும்தான் கேட்டேன்.

ஒரு வாரம் பதில் இல்லை. அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. அப்புறம் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அறை மாடிக்கு மாறியிருக்கிறது, பழைய மியூசிக் ரூம், கண்ணாடி மேல்பாதியில் மட்டும், அதற்கும் கீழ்வரை திரை. கதவு சாத்தலாம், தாழ்ப்பாள் போடக்கூடாது, அது நியாயம்தான் என்று நானே ஒத்துக்கொண்டேன். போர்டில் யாழ் நண்பர் சொன்னபடி இரண்டு வரி எழுதியாயிற்று. சப்ஸ்டிட்யூஷன் அப்படியேதான் இருக்கிறது, அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்கிறேன். ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் இன்னும் வரவில்லை. அவள் வகுப்புக்குப் போய்ப் புதிய அறையைப் பற்றி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன், அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்தது என் கவனக்குறைவு, அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் நான் கூப்பிட்டு அவள் வந்தால் அது மறுபடி எல்லோர் கண்ணிலும் படும். இதை எப்படிச் செய்வது என்று யாராவது சொல்ல முடியுமா? அப்புறம், பெற்றோர் ஒப்புதல் படிவம் எளிய தமிழில் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், நாங்கள் ஐந்து பேரும் எழுதிப் பார்த்தது பத்திரப்பதிவு மாதிரி வந்திருக்கிறது, படித்தால் எந்த அம்மாவும் பயந்துவிடுவார்.